தெருவாசியின் முகம் சுவருக்குப் போகும் வழி: ஒரு மார்பளவுச் சிற்பத்தின் வேலைக்குறிப்பு

நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில், கெல்லி தெருப் பக்கம், ஒரு செங்கல் சுவரின் உயரத்தில் நான்கு சிறுமிகள் கயிறு தாண்டுகிறார்கள். 1981-82இல் ஜான் அஹர்னும் ரிகோபெர்ட்டோ டோரஸும் செய்த ஆளளவுச் சிற்பங்கள் அவை. கற்பனை முகங்கள் அல்ல. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் உடம்பிலிருந்தே அச்சு எடுத்து, ஃபைபரில், அதாவது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த பொருளில் வார்த்து, எண்ணெய் வண்ணம் தீட்டியது.

அச்சு எடுத்துவிட்டால் சாயல் தானாக வந்துவிடும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்பது. வராது. அச்சிலிருந்து வெளியே வருவது கண் மூடிய, உதடு தளர்ந்த, தூங்குகிற முகம். பட்டென்று சொன்னால் பிண முகம். அதைத் தெருவில் நின்று நம்மைப் பார்க்கிற ஆளாக மாற்றுவது பிறகு வரும் கைவேலை. அச்சுக்கு அரை மணி நேரம் என்றால் அந்தக் கைவேலைக்கு ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். இந்தக் குறிப்பிலும் அந்தப் பகுதிதான் அதிக இடம் பிடிக்கும்.

அஹர்ன் இந்த வேலையை 1979இல் தெற்கு பிராங்க்ஸின் மூன்றாம் அவென்யூவில் இருந்த ஃபேஷன் மோடா என்ற கடைமுகப்புக் கலைக்கூடத்தில் தொடங்கினார். தெருவில் போகிறவர்கள் உள்ளே வந்து எட்டிப் பார்ப்பார்கள், சிலர் தாங்களே உட்காருவார்கள். அப்படி வந்து சேர்ந்தவர்தான் டோரஸ். உறவினரின் சாமி சிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதால், ஒரே அச்சில் பல பிரதி எடுக்கும் தொழில் அவருக்குப் பழக்கம். இருவரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: ஒரு பிரதி கண்காட்சிக்கு, ஒரு பிரதி உட்கார்ந்தவரின் வீட்டுக்கு. கேட்க நல்ல மரியாதையாகத் தெரியும் இந்த வழக்கம் வேலைத் திட்டத்தையே மாற்றிவிடுகிறது. உடம்பில் எடுக்கும் ஆல்ஜினேட் (தண்ணீரில் கலந்தால் ரப்பர் போல இறுகும் தூள்) அச்சு ஒரே ஒரு வார்ப்போடு கிழிந்துபோகும். இரண்டாவது பிரதி வேண்டுமென்றால் நடுவில் ஒரு மூலப்பிரதியும் அதன் மேல் ஒரு ரப்பர் அச்சும் கட்டாயம்.

வாங்க வேண்டியது

தலையின் முன்பாதி, கழுத்து, தோள், நெஞ்சு வரை ஒரு பெரியவருக்கு, கை சேர்க்காமல் கணக்கு இது. முக அச்சுக்கான ஆல்ஜினேட் தூள் 1 கிலோ. பல் மருத்துவர் வைத்திருக்கும் வகை வேண்டாம், இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். 15 செ.மீ. அகல மாவுக்கட்டுத் துணி 7 சுருள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் 25 கிலோ மூட்டை ஒன்று. தடவும் வகை சிலிக்கோன் ரப்பர் 3 கிலோ. ஜெல் கோட் (ஃபைபரின் வெளிப்பரப்பாகும் ரெசின் பூச்சு) 300 கிராம், பாலியெஸ்டர் ரெசின் 2.5 கிலோ, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) 1 கிலோ. வாசலின், பஞ்சு, சணல் நார், அரக்குப் பூச்சு, பழைய துண்டுகள். ஒரு வெப்பமானியும் சமையலறைத் தராசும் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

உட்காருபவரைத் தயார் செய்தல்

முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் சிறிது ஆல்ஜினேட் தடவிப் பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த ஆளுக்கு இந்த வேலை இல்லை. சளி, ஆஸ்துமா, அடைத்த அறையில் பயம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் சங்கடப்படுவார் என்று விட்டுவிட்டால், கண்ணும் வாயும் மூடிய நான்காவது நிமிடத்தில் அவர் எழுந்து நிற்பார். கான்டாக்ட் லென்ஸ், கம்மல், மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டும். சிறுவர்களென்றால் பெற்றோர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

புருவம், இமைமயிர், மீசை, நெற்றியோர முடி எல்லாவற்றிலும் வாசலின். புருவத்தில் அளவோடு, முடி போகும் திசையிலேயே தடவுங்கள். அப்பிவிட்டால் வார்ப்பில் புருவம் இரண்டு புழு மாதிரி வரும். தலைமுடியை மெல்லிய ரப்பர் தொப்பிக்குள் அடக்கிவிடுவதே நல்லது. முடியை அச்செடுத்து யாரும் ஜெயித்ததில்லை, அதைப் பின்னால் கையால்தான் செய்ய வேண்டும்.

மல்லாக்கப் படுக்கவைத்தால் கன்னச் சதை காதுப் பக்கம் வழிந்து முகம் அகன்றுவிடும், வயதும் பத்துக் குறையும். நிமிர்த்தி உட்காரவைத்தால் ஆல்ஜினேட்டின் எடை கன்னத்தைக் கீழே இழுக்கும். சாய்வு நாற்காலியில், தரையிலிருந்து 60 பாகை அளவில் முதுகு சாய்ந்திருப்பது இரண்டுக்கும் நடுவான ஏற்பாடு. பின்தலைக்கு முட்டுக் கொடுத்தாக வேண்டும். அச்சுக்குள் இருப்பவர் பேச முடியாது, கைச் சைகைதான்: கட்டைவிரல் மேலே என்றால் சரி, கையை விரித்தால் உடனே அச்சைக் கழற்ற வேண்டும். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் தனியாக வேண்டும். கலக்குபவரே அதையும் பார்த்துக்கொள்ள முடியாது.

அச்சு: முப்பது நிமிடம்

எடையில் 1 பங்கு தூளுக்கு 4 பங்கு தண்ணீர் என்று தொடங்கலாம், ஆனால் வாங்கிய பெட்டியில் போட்டிருக்கும் கணக்கே கடைசிக் கணக்கு. தண்ணீரின் சூடுதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. 27 பாகை செல்சியஸில் ஏழெட்டு நிமிடம் கிடைக்கும் கலவை, 35 பாகைக் குழாய்த் தண்ணீரில் பாதி நேரத்தில் இறுகிவிடும். சென்னையில் மே மாதம் செய்கிறவர்கள் வாளியில் ஐஸ் போட்டு 22 பாகைக்கு இறக்கிக்கொள்ளலாம். பிராங்க்ஸ் குளிர்காலத்தில் பிரச்சினை தலைகீழ்: இறுகவே இறுகாமல் வழிந்துகொண்டிருக்கும், நெஞ்சில் ஐஸ் வைத்த மாதிரி இருக்கிறதென்று உட்கார்ந்தவர் நடுங்குவார், நடுக்கம் அச்சில் விழும்.

தண்ணீரில் தூளைக் கொட்டிக் கட்டியில்லாமல் ஒரு நிமிடம் அடிக்க வேண்டும். துளையிடும் மெஷினில் கலக்கி மாட்டினால் சுலபம், ஆனால் கலக்கியை மேலே தூக்கினால் காற்றுக் குமிழி ஏறும். நெஞ்சிலிருந்து தொடங்கி மேலே வரவும். முகம் கடைசியில் வந்தால் அது மூடியிருக்கும் நேரம் குறையும். கண்குழி, மூக்கோரம், உதட்டு மடிப்பு ஆகிய இடங்களில் முதல் பூச்சை விரலால் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும், அங்கேதான் காற்று மாட்டிக்கொள்ளும். மற்ற இடத்தில் 8 மி.மீ. கனம் போதும்.

அஹர்ன், டோரஸ் வேலைகளில் மூக்குத் துளைக்கு ஸ்ட்ரா வைக்கும் பழக்கம் உண்டு. இன்று பலர் அதைத் தவிர்க்கிறார்கள். ஸ்ட்ரா மூக்கின் விளிம்பை அகட்டிவிடும், யாராவது தட்டினால் உள்ளே குத்தும். துளையைச் சுற்றி ஆல்ஜினேட்டை விரல்நுனியால் கட்டி, திறந்தே விட்டுவிட்டால் போதும். வழிந்தால் ‘ஊதுங்க’ என்று சொன்னால் அவரே ஊதித் தள்ளிவிடுவார்.

இறுகிய ஆல்ஜினேட் மேல் புதிய ஆல்ஜினேட் ஒட்டாது. ஒட்டின மாதிரி இருந்துவிட்டு, கழற்றும்போது தோலாக உரியும். அதனால் மொத்தப் பரப்பையும் ஈரம் இருக்கும்போதே மூட வேண்டும். இரண்டு வாளி, இரண்டு ஆள், அரை நிமிட இடைவெளி. மேல்பரப்பு இறுகுவதற்கு முன் பஞ்சைப் பிய்த்து அதில் பாதி புதையும்படி பதிக்கவும். இந்தப் பஞ்சுதான் ஆல்ஜினேட்டை மாவுக்கட்டு ஓட்டோடு பிடித்துவைக்கிறது. இதை மறந்தவர்களுக்கு ஓடு தனியாக, அச்சு தனியாக, தொளதொளவென்று கையில் வரும்.

மேலே மாவுக்கட்டுத் துணி நான்கு அடுக்கு, விளிம்பில் ஆறு. துண்டுகளை முன்கூட்டியே வெட்டி அடுக்கிவைக்கவும். பத்து நிமிடத்தில் தட்டினால் கட்டைச் சத்தம் கேட்கும். பிறகு உட்கார்ந்தவரை முன்னால் குனியச் சொல்லி, முகத்தைச் சுருக்கி, புருவத்தை ஏற்றி இறக்கச் சொன்னால் அச்சு தானாக விடுபட்டுக் கையில் விழும். இழுக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. செலவு மிச்சம் என்று வாளியில் கரைத்த பிளாஸ்டரை நேரடியாக உடம்பில் போடவே கூடாது. இறுகும்போது கனமான பிளாஸ்டர் 60 பாகை வரை சூடேறும், இறுகிய பின் கையை உருவவும் முடியாது. 2007இல் இங்கிலாந்தில் கலை வகுப்பு ஒன்றில் 16 வயது மாணவி பிளாஸ்டருக்குள் கைகளை விட்டு, தீப்புண்ணால் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். மாவுக்கட்டு மெல்லியது, அடியில் ஈரமான ஆல்ஜினேட்டும் இருக்கிறது, அதனால் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது.

மூலப்பிரதி

ஆல்ஜினேட்டில் பெரும்பங்கு தண்ணீர்தான், காற்றுப் பட்டால் சுருங்கும். ஈரத்துண்டு போர்த்தி, ஒரு மணி நேரத்துக்குள் வார்த்துவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்த அச்சில் மூக்கு மெலிந்திருக்கும். மூக்குத் துளையை வெளிப்பக்கம் களிமண்ணால் அடைத்து, அச்சை மாவுக்கட்டு ஓட்டோடு மணல் பெட்டியில் அசையாமல் உட்காரவையுங்கள்.

7 கிலோ தண்ணீருக்கு 10 கிலோ பிளாஸ்டர் என்ற விகிதம். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இரண்டு நிமிடம் ஊறவிட்டு, கையை அடியிலேயே வைத்துக் கலக்கவும். முதலில் ஒரு குவளை ஊற்றி, அச்சைச் சாய்த்துச் சாய்த்து எல்லா இடத்திலும் ஓடவிட்டு 5 மி.மீ. படியவையுங்கள். அடுத்த கலவையில் சணல் நாரை நனைத்துப் பதித்து, மொத்தம் 20 மி.மீ. ஆல்ஜினேட் பட்ட பக்கம் பிளாஸ்டர் மெதுவாகத்தான் இறுகும். பின்பக்கம் கல்லாக இருக்கிறதென்று நம்பிப் பிரித்தால் மூக்குநுனி அச்சோடு போய்விடும். ஒரு மணி நேரம் காத்திருக்கவும்.

காற்றுக் குமிழிகள் மரு மாதிரி புடைத்து நிற்கும், கத்திமுனையால் தட்டினால் போகும். காது அநேகமாகக் கிழிந்திருக்கும். அதைத் திருத்தி உட்காருவதைவிட, ஒரு காகிதக் கோப்பையில் தனியாகக் காதை மட்டும் அச்செடுத்து ஒட்டுவது விரைவு.

கண் திறப்பு

இனிமேல்தான் சிற்பம். மூடிய கண்ணில் இமைகள் சந்திக்கும் கோடு கண்ணின் நடுவில் இல்லை, கிட்டத்தட்ட அடியில் இருக்கிறது. கண்ணை மூடும்போது வேலை செய்வதெல்லாம் மேலிமைதான். ஆகவே அந்தக் கோட்டில் இருந்து மேலும் கீழும் சமமாகச் செதுக்கித் திறப்பவர்களுக்கு, சிற்பம் எப்போதும் திடுக்கிட்ட முகத்தோடு நிற்கும். கீழிமையை இருந்த இடத்தில் விட்டு, மேலிமையின் ஓரத்தை 9 முதல் 11 மி.மீ. மேலே கொண்டுபோக வேண்டும். ஏறிய இமைச் சதை எங்கே மடிகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதற்குப் புகைப்படம் போதாது, ஆளையே கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.

கருவிழியின் குறுக்களவு பெரியவர்களில் ஏறக்குறைய 12 மி.மீ., இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகச் சிறிது. மேலிமை அதன் உச்சியை ஒன்றிரண்டு மி.மீ. மறைக்கும், கீழிமை அடிவிளிம்பைத் தொட்டு நிற்கும். முழு வட்டமாகத் தெரியும்படி வரைந்தால் மறுபடியும் திடுக்கிட்ட முகம். விழிக்கோளம் ஒரு பந்தின் பகுதி, அதைத் தட்டையாக விடக் கூடாது. ஒரு கண்ணை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்காமல் இரண்டையும் மாறிமாறிச் செதுக்கினால் மாறுகண் வராது.

அடுத்தது வாய். எட்டு நிமிடம் சிரித்துக்கொண்டு இருக்க யாராலும் முடியாது, பற்றாததற்கு ஆல்ஜினேட்டின் எடை உதட்டை அழுத்தியிருக்கும். உதட்டோரத்தை ஒரு மி.மீ. ஆழப்படுத்தி அரை மி.மீ. தூக்கினாலே ஆள் விழித்துக்கொள்வார். அதற்கு மேல் தூக்கினால் விளம்பரச் சிரிப்பு. புருவத்தைச் சுரண்டியெடுத்து மீண்டும் கீறவும். முடியைக் களிமண்ணிலோ பிளாஸ்டரிலோ திரளாகப் பார்த்துச் செய்யவும், இழை இழையாகக் கீற வேண்டாம். ஐந்து மீட்டர் தூரத்தில் இழை தெரியாது, திரளின் நிழல்தான் தெரியும்.

சட்டையோடு வேண்டுமென்றால், பழைய பருத்திச் சட்டைக்கு வாசலின் நன்றாகத் தேய்த்து, அதன் மேலேயே அச்செடுத்துவிட்டுப் பிறகு சட்டையை வெட்டி எடுப்பது ஒரு வழி. பிளாஸ்டிக் தாள் சுற்றி எடுத்தால் மடிப்பெல்லாம் போய், நீரில் நனைந்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். எந்தச் சட்டை என்பதை உட்காருபவரே தேர்ந்தெடுக்கட்டும். விடுங்கள், அவரே இஸ்திரி போட்டுக் கொண்டுவருவார்.

ரப்பர் அச்சும் ஃபைபரும்

ஒரு வாரம் உலர்ந்த மூலப்பிரதிக்கு அரக்கு இரண்டு கை, அதன் மேல் வாசலின் மெல்லிசாக. கந்தகம் கலந்த களிமண்ணை எங்காவது பயன்படுத்தியிருந்தால் பிளாட்டினம் வகை சிலிக்கோன் அந்த இடத்தில் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். தகர வகை சிலிக்கோனுக்கு அந்தத் தொல்லை இல்லை, விலையும் குறைவு. முதல் கை நீர்க்க, பிரஷ்ஷால் குத்திக் குத்தி. பிறகு கெட்டியாக்கி மூன்று கை, மொத்தம் 4 முதல் 5 மி.மீ. அதன் மேல் பிளாஸ்டரும் சணலும் கொண்டு தாங்கும் ஓடு.

வீட்டுப் பிரதியை இந்த அச்சில் பிளாஸ்டரிலேயே வார்க்கலாம், 7 அல்லது 8 கிலோ வரும். தெருவுக்கு அது ஆகாது. பிளாஸ்டர் மழையில் மெல்ல மெல்லக் கரையும், நியூயார்க் மாதிரி இடத்தில் உள்ளே போன ஈரம் பனிக்காலத்தில் உறைந்து முகத்தைப் பிளக்கும். அதனால்தான் பிராங்க்ஸ் சுவர்களில் இருப்பவை ஃபைபர்.

முதலில் ஜெல் கோட், அரை மி.மீ. விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் மேட் மூன்று அடுக்கு. மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் போதும். அதிகம் ஊற்றினால் பலம் கூடாது, நொறுங்கும் தன்மைதான் கூடும். 25 பாகையில் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) ஒன்றரை சதவீதம், அதாவது ஒரு கிலோவுக்கு 15 கிராம். 35 பாகையென்றால் 10 கிராம். 15 பாகைக்குக் கீழே வேலையைத் தள்ளிப் போடவும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரைத் தனியாகச் சேர்க்கும் ரெசினென்றால், முதலில் அதை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும். கண்ணாடியும் கரிவடிகட்டி முகமூடியும் இல்லாமல் கேட்டலிஸ்ட் பாட்டிலைத் திறக்கக் கூடாது. அது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

மூக்குநுனி, காது மடல், தாடை ஓரம் போன்ற கூர்மையான இடங்களில் மேட் வளையாது, பின்னால் காற்றறை விட்டுவிடும். அங்கே நாரைப் பொடியாக வெட்டி ரெசினில் குழைத்து முதலில் நிரப்புங்கள். தட்டினால் டொக் டொக் என்று கேட்கும் இடமெல்லாம் பின்னாளில் வெயிலில் உடையப்போகும் இடம். கடைசி அடுக்கில் நான்கு ஸ்டெயின்லெஸ் தகடுகளைப் பதித்துவிடவும், போல்ட்டுகள் அவற்றில்தான் நிற்கும். சாதா இரும்பு வேண்டாம். துரு முதலில் கறையாக வடியும், பிறகு வீங்கிப் பிளக்கும்.

வண்ணத்துக்கு முன் பரப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, 220ஆம் எண் உப்புத்தாள் தேய்க்கவும். தோலுக்கு ஒரே நிறம் கலக்கினால் பொம்மைக் கடை. நெற்றி சற்று மஞ்சள் சாய்ந்து, கன்னமும் மூக்கும் செம்மையேறி, தாடை சற்று மங்கி இருப்பது எந்த நிறத்தவருக்கும் பொருந்தும். கறுத்த தோலில் வெளிச்சம் படும் இடத்துக்கு வெள்ளை கலந்தால் சாம்பல் பூத்துவிடும், அங்கே காவியும் நீலமும்தான் வேலை செய்யும். ஆளை வெயிலில் நிறுத்தி, வெயிலிலேயே தீட்டவும்.

எந்தச் சுவர்

அஹர்ன் தன் தெருக்காரர்கள் மூவரை வெண்கலத்தில் வார்த்து, 1991 செப்டம்பர் 25 அன்று பிராங்க்ஸின் 44ஆம் காவல் நிலையத்தின் எதிரே பீடங்களில் நிறுத்தினார். கூடைப்பந்தும் டேப் ரெக்கார்டருமாக ஒருவர், நாயோடு ஒருவர், சக்கரக் காலணியில் ஒரு சிறுமி. உருவங்கள் மெய்யான ஆட்கள்தான். ஆனாலும் எங்கள் வட்டாரத்தின் அடையாளமாகக் காவல் நிலையத்தின் முன் இவர்களா என்று அப்பகுதியில் எதிர்ப்பு எழுந்தது. ஐந்தே நாளில் அவரே இறக்கிவிட்டார். பின்னர் அவை நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள சாக்ரடீஸ் சிற்பப் பூங்காவுக்குப் போயின. சுவரில் அண்டை வீட்டுக்காரராக இருப்பவர் பீடத்தில் ஏறியதும் பிரதிநிதி ஆகிவிடுகிறார். உட்கார்ந்தவரின் சம்மதம் வேறு, தினமும் கடந்து போகிறவர்களின் சம்மதம் வேறு. இரண்டாவதைக் கேட்கச் சுலபமான வழி, மூலப்பிரதியை வண்ணமில்லாமல் அந்த இடத்திலேயே ஒரு வாரம் மறைவில்லாமல் வைத்துக் கண்ணைத் திறப்பதுதான். பேச்செல்லாம் அங்கேயே வந்துவிடும், ஃபைபருக்குச் செலவு செய்வதற்கு முன்னால்.

நான்கு மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றினால் கீழிருந்து பார்ப்பவருக்குத் தாடையும் மூக்குத் துளையும்தான் தெரியும். மேல் போல்ட்டுகளுக்கு நீளமான குழாய்த்துண்டு கொடுத்து, சிற்பத்தை 10 பாகை முன்னால் சாய்க்கவும். போல்ட் 10 மி.மீ., 316 ரக ஸ்டெயின்லெஸ், செங்கலுக்குள் 90 மி.மீ. போக வேண்டும். காரையில் அல்ல, செங்கல் நடுவில் துளையிட்டு, தூசியை ஊதிவிட்டு, ரசாயனப் பசையால் பதிக்கவும். பழைய சுவரில் துளைப்பொடி ஈரமாக வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சுவருக்கும் சிற்பத்துக்கும் நடுவே 15 மி.மீ. காற்றோட்டம், அடியில் 8 மி.மீ. துளை இரண்டு. தோளுக்கும் சுவருக்கும் நடுவே மேலே தெரியும் இடைவெளியை வலையால் மூடாவிட்டால் ஒரே மாதத்தில் புறாக் கூடு.

வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரும் மெல்லிய சோப்பும், போல்ட் இறுக்கம் பார்த்தல். வீட்டுக்குப் போகும் பிளாஸ்டர் பிரதிக்குப் பின்னால், வார்க்கும்போதே சணலோடு ஒரு கம்பி வளையம் பதித்திருக்க வேண்டும். குளியலறைச் சுவர், சமையலறை ஜன்னல் பக்கம் வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கவும், தொங்கவிட இரண்டு திருகாணியும் சேர்த்து.